மூன்றேகால் இஞ்சு

நான் தையல்காரி. எவ்வளவு பெரிய நாவலாக இருந்தாலும் அதில் ஒரு துணியின் அளவு வந்துவிட்டால் என் கண் அங்கே போய் நின்றுவிடும். நத்தானியேல் ஹாதோர்ன் எழுதி 1850இல் வெளிவந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்' என்னைப் பிடித்தது அப்படித்தான். சேலம் சுங்க அலுவலகத்து மாடியில் (நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்) பழைய காகிதக் கட்டுக்குள் நைந்துபோன சிவப்புத் துணி ஒன்று கிடைத்ததாக முன்னுரையில் ஒரு கதை கட்டுகிறார். விரித்துப் பார்த்தால் A என்ற எழுத்து. ஒவ்வொரு காலும் மிகச் சரியாக 3¼ இஞ்சு. சுற்றிலும் தங்க நூல் வேலை. அந்தத் தையல் இப்போது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்று விவரம் தெரிந்த பெண்கள் சொன்னார்களாம். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

சிவப்பு ஃபெல்ட்டில் அளந்து வெட்டினேன். ஜரிகையைத் துணிக்குள் விட்டு இழுத்தால் பிசிறு அடிக்கும். அதனால் மேலேயே படுக்க வைத்து, மெல்லிய மஞ்சள் நூலால் அரிசி அகலத்துக்கு ஒரு கட்டு போட்டுக்கொண்டே போனேன். கடையைச் சாத்திய பிறகு நாலு ராத்திரி. மூன்றாம் நாள் ஒன்று கவனித்தேன். இது ஒரு தண்டனைத் துணி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வளைவு சரியாக வரவேண்டுமே என்பதுதான் என் கவலை. பாஸ்டன் நீதிபதிகள், விபசாரக் குற்றத்துக்காக, நாவலின் நாயகி ஹெஸ்டர் ப்ரின்னை அவளுடைய அவமானத்தை அவளே தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் அதை ஊரே வாய் பிளக்கும்படி ஜோடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சிறை வாசலில் வந்து நின்றாள். ஊர்ப் பெண்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. திமிர் என்றார்கள். நூற்றெழுபது வருஷமாக இந்த நாவலைப் படிப்பவர்களும் அந்த இடத்தில் நின்று அதையேதான் கேட்கிறார்கள். அது திமிரா, மனந்திரும்புதலா?

எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நூலக அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் கூடுவோம். ஒரு புத்தகம், ஒரு ஃப்ளாஸ்க் டீ, முறை வருகிறவர் பழம்பொரி கொண்டுவர வேண்டும். அந்த மாதம் இந்த நாவல். நான் தைத்த எழுத்தை மேசைமேல் வைத்து, கையோடு கை மாற்றினேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அதை இரண்டு விரலால் மட்டும் தொட்டார். வங்கித் தம்பி ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். போதகரம்மா மட்டும், தையல் தெரிந்த பெண்கள் செய்கிற மாதிரி, முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். "முடிச்சு ஒண்ணுகூடத் தெரியல, அக்கா" என்றார்கள். ஒருத்தர்கூட அதை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோகவில்லை. நானும்தான்.

பேச்சு சூடாக ஓடியது. தலைமை ஆசிரியர் தமிழ் வாத்தியார். அவருக்குக் குற்றவாளி பாதிரி டிம்ஸ்டேல்தான். கூடாவொழுக்கம் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்தது இவனுக்குத்தான் என்றார். பெற்ற பிள்ளைக்கு அப்பன் என்று சொல்லாமல் ஏழு வருஷம் பிரசங்க பீடத்தில் நின்றவன். வங்கித் தம்பிக்குப் புருஷன் சில்லிங்வொர்த்மேல்தான் கோபம். வயசான காலத்தில் இளம்பெண்ணைக் கட்டி, அவளை முன்னால் கப்பலேற்றி அனுப்பிவிட்டு இரண்டு வருஷம் வராமல் இருந்துவிட்டு, வந்தபின் வேறு பேரில் ஒளிந்து பழிவாங்கியவன். என்னிடம் தையல் பழகுகிற பெண் சொன்னாள்: "மூணு பேரையும் விடுங்க அக்கா, அந்தக் குழந்தை பேர்ல் பாவம்." ஞாயிறு பள்ளி எடுத்த அம்மா ஒருத்தர் மட்டும் கடைசிவரை அசையவில்லை. ஹெஸ்டர் ஒரு இடத்திலாவது தான் செய்தது தப்பு என்று சொன்னாளா, காட்டுங்கள் என்றார்.

அந்த அம்மாவை லேசாக நினைக்க வேண்டாம். 1850இலேயே ஆரஸ்டிஸ் பிரவுன்சன் என்ற கத்தோலிக்கர் இதே கேள்வியைக் கேட்டார். ஹெஸ்டருக்கும் டிம்ஸ்டேலுக்கும் மன உறுத்தல் இருக்கிறது, மனந்திரும்புதல் இல்லை என்பது அவருடைய வாதம். வந்த விளைவுக்கு வருந்துகிறார்களே தவிர, செய்ததை வெறுக்கவில்லையாம். அடுத்த ஆண்டு ஆர்தர் கிளீவ்லண்ட் காக்ஸ் என்ற குருவானவர் இன்னும் காரமாக எழுதினார். பிரான்ஸ் தேசத்து அழுக்கு நம் இலக்கியத்துக்கும் வந்துவிட்டதோ என்பது அவர் பயம். ஹாதோர்னின் மனைவி சோஃபியா கதையின் முடிவை அவர் வாசிக்கக் கேட்டு, நெஞ்சு உடைந்து, தலைவலியோடு படுக்கப் போனார். அதையே பெரிய வெற்றியாக நண்பருக்கு எழுதினார் அந்த மனுஷர். எழுத்தாளன் புத்தி. 1879இல் ஹென்றி ஜேம்ஸ், இது உண்மையில் ஹெஸ்டர் கதையே இல்லை, பாதிரியின் கதை என்றார். 1923இல் டி.எச். லாரன்ஸ் வந்து, அவள்தான் பரிசுத்தவானை மயக்கிக் கவிழ்த்தவள் என்று கேலியும் ஆவேசமுமாக எழுதினார். எல்லாரும் பெரிய ஆட்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ஊசி பிடித்தவர் ஒருவர்கூட இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்டன்காரர்கள் துணியை எவ்வளவு நம்பினார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த எழுத்தின் பாரம் தெரியும். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம் 1634இல் ஒரு சட்டம் போட்டது. தங்க, வெள்ளி, பட்டு லேஸ் கூடாது. உள்துணி தெரிகிற மாதிரி சட்டையில் கீறல் வைத்துத் தைப்பது அப்போதைய நாகரிகம். இனிமேல் கைக்கு ஒன்று, முதுகில் ஒன்று, அதற்குமேல் கூடாது. தையல்காரர் கத்தரியை எங்கே வைக்கலாம் என்றுவரை சட்டம் வந்து நிற்கிறது. 1651இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: 200 பவுனுக்குக் குறைந்த சொத்துள்ளவர்கள் தங்க, வெள்ளி லேஸ் போடக் கூடாது, கெஜம் 2 ஷில்லிங்குக்கு மேற்பட்ட எலும்பு லேஸ் போடக் கூடாது. உடுப்பைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிய வேண்டும். அந்த நம்பிக்கையிலிருந்து இன்னும் ஒரு எட்டு வைத்தால், உடுப்பைப் பார்த்ததும் ஆத்துமா எப்படி என்றும் தெரிய வேண்டும் என்று ஆகிவிடும். பக்கத்துப் பிளிமத்தில் விபசாரக் குற்றத்துக்கு மேலாடையில் AD என்று இரண்டு எழுத்து தைத்துக்கொள்ளச் சொன்னது 1658 சட்டம். மாசசூசெட்ஸில் 1694இல் வந்த சட்டம் A எழுத்துக்கு அளவே சொன்னது, 2 இஞ்சு. உடுப்பின் நிறத்துக்கு எதிர் நிறத்தில் வேண்டும். ஹாதோர்ன் அதை 3¼ ஆக்கிவிட்டார். கதை நடக்கிற 1640களில் அங்கே சட்டப் புத்தகத்தில் இருந்தது மரண தண்டனை. 1644இல் மேரி லேத்தம் என்ற பதினெட்டு வயசுப் பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டனையும் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அவளும் மனமில்லாமல் ஒரு கிழவனைக் கட்டிக்கொண்டவள்தான்.

எலும்பு லேஸ் என்று படித்ததும் நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். எலும்பில் செய்த பாபின்களால் பின்னியதால் அந்தப் பேர். திண்டின்மேல் குண்டூசி குத்தி, பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அதே லேஸைத்தான் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். என் பாட்டி பின்னிய ஒரு முழம் என்னிடம் இருக்கிறது. மால்ட் தம்பதியை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்தில் பெரும்பாலானவர்கள் காங்கிரிகேஷனல் சபையார். பாஸ்டன்காரர்களுக்குப் பங்காளி முறை. அண்ணன் வீட்டில் விலக்கப்பட்டது தம்பி வீட்டில் ஊழியமாகிவிட்டது.

உடுப்பு தகுதியைச் சொல்ல வேண்டும் என்ற சட்டமும் எங்களுக்குப் புதுசு இல்லை. தோளை மூடியதற்காக எங்கள் பாட்டிமார் அடி வாங்கிய ஊர் இது. கலகமெல்லாம் நடந்து, 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் போட்டபோதும், குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது என்றுதான் அனுமதி கொடுத்தார். அதனால் பாஸ்டன் சட்டத்தை எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் ஒரு முறை தலையாட்டினார், அவ்வளவுதான்.

இப்போது கவர்னர் பெல்லிங்ஹாம் விஷயத்துக்கு வருகிறேன். நாவலில், ஹெஸ்டர் தண்டனை மேடையில் நிற்கும்போது மேலே பால்கனியில் உட்கார்ந்திருக்கிற ஆள் அவர். நிஜமாக வாழ்ந்தவர். 1641இல், கவர்னராக இருக்கும்போதே, வேறொருவனுக்கு ஏறக்குறைய நிச்சயமாகியிருந்த ஒரு இளம்பெண்ணைத் தானே கட்டிக்கொண்டார். கல்யாண அறிவிப்பு கொடுக்கவில்லை. அங்கே கல்யாணம் என்பது சபையின் திருச்சடங்கு இல்லை, நீதிபதி முன்னால் செய்கிற ஒப்பந்தம். இவரே நீதிபதி, அதனால் தன் கல்யாணத்தைத் தானே நடத்திக்கொண்டார். வழக்கு வந்தபோது, விசாரணைக்காக ஆசனத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விஷயம் அப்படியே அமுங்கிப்போனது. நாவல் தொடங்குவது அடுத்த வருஷம். ஹாதோர்ன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவர் செய்ததெல்லாம், ஹெஸ்டரின் கையால் எம்ப்ராய்டரி செய்த கையுறையைப் பெல்லிங்ஹாம் வீட்டுக்கு அனுப்பியதுதான். அவள் போட்ட ஜரிகை அவர் கையில் கௌரவம். அதே ஜரிகை அவள் நெஞ்சில் விபசாரம்.

நான் இதைச் சொன்னதும் ஞாயிறு பள்ளி அம்மா, "அதுக்காக அவ செஞ்சது சரின்னு ஆயிடுமா?" என்று கேட்டார். ஆகாது. நானும் அதைச் சொல்ல வரவில்லை. மனந்திரும்புதலை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி. எழுத்தைச் சுருக்கம் சுருக்கமாக, கோணலாகத் தைத்திருந்தால் அவள் அழுதுகொண்டே தைத்தாள் என்று ஊர் நம்பியிருக்கும். ஆனால் பழகிய கைக்குக் கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இறந்த வாரத்தில் தைத்த ஒரு ரவிக்கையை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். கண் மறைத்தது. தையல் நேராகத்தான் போயிருந்தது.

பாதிரி பக்கம் வந்தால் இது இன்னும் சிக்கல். டிம்ஸ்டேல் வாய் திறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரசங்க பீடத்தில் நின்று, நான் பாவிகளிலெல்லாம் கேடுகெட்டவன் என்று பலமுறை சொல்கிறான். கேட்ட சபை, ஐயோ இவ்வளவு பரிசுத்தவானே இப்படிச் சொன்னால் நாம் எம்மாத்திரம் என்று உருகி, அவனை இன்னும் மேலே தூக்கி வைக்கிறது. அப்படித்தான் ஆகும் என்று அவனுக்கும் தெரியும். இதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாங்களும் வாரந்தோறும் எழுந்து நின்று, எல்லாரும் ஒரே குரலில், பொதுப் பாவ அறிக்கை சொல்கிறோம். முந்நூறு பேர் சேர்ந்து சொல்வதில் என்னுடையது எது? எனக்கு அந்த ஜெபம் பிடிக்கும். அது ஒரு நல்ல போர்வை. குளிருக்கும் ஆகும், ஒளிந்துகொள்ளவும் ஆகும்.

அப்படியானால் ஒவ்வொருவரும் பாவத்தை எழுதி நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்றான் வங்கித் தம்பி. அதற்குப் போதகரம்மா சொன்ன பதில்தான் அன்றைய கூட்டத்தில் எனக்குப் பிடித்தது. யோவான் 8ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நியாயப்பிரமாணம் இரண்டு பேரையும் சொல்லியிருக்க, அவனைக் காணவில்லை. இயேசு குனிந்து ஏதோ எழுதினார். "எழுதினது தரையில. காத்தடிச்சா போயிரும்" என்றார்கள். அது அவர்களுடைய சொந்த யோசனையா, போதகர் ஐயாவின் பழைய பிரசங்கமா என்று தெரியவில்லை. யாருடையதாக இருந்தால் என்ன.

நான் அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லாத ஒன்று உண்டு. ஹெஸ்டர் தையல் வேலை செய்துதான் பிள்ளையை வளர்க்கிறாள். கவர்னரின் கழுத்துப்பட்டை, படைவீரர்களின் தோள்பட்டி, குருமாரின் கழுத்துப் பட்டி, குழந்தைகளுக்குக் குல்லாய், இறந்தவர்களுக்குப் பிரேத உடை, எல்லாம் அவளிடம்தான் வருகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை: மணப்பெண் முகத்தை மூடுகிற வெள்ளை முக்காடு. ஹாதோர்ன் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

எனக்கு முப்பத்துமூன்று வயசில் வீட்டுக்காரர் தவறினார். அதுவரை வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல்யாண கவுனும் முக்காட்டு நெட்டும் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றரை வருஷம் ஒன்றுகூட வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. பள்ளி யூனிஃபார்ம் வந்தது, நைட்டி வந்தது, பாடகர் குழுவுக்கு அங்கி முப்பது வந்தது, சவப்பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளைத் துணிகூட ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் வந்து தைத்து வாங்கிப் போனார்கள். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் கிடையாது என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, வழியில் என் கடையைத் தாண்டி வேறு கடைக்கு நெட் துணியோடு போனவர்களை எனக்குத் தெரியும். நான் ஒரு பாவமும் செய்யவில்லை. ஹெஸ்டர் செய்தாள். எங்கள் இருவருக்கும் வராமல் போன துணி ஒன்றுதான். அதனால்தான் ஊர் கொடுக்கிற தீர்ப்பில் பாவம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே நம்பிக்கை வருவதில்லை. அங்கே பல நேரம் இருப்பது பயம்.

நாவலின் முதல் அத்தியாயங்களில் சிறை வாசலில் நிற்கிற பெண்களில் ஒருத்தி நெற்றியில் சூடு போடு என்கிறாள், ஒருத்தி கொன்றுவிடு என்கிறாள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற இளம்பெண் ஒருத்தி மட்டும், எழுத்தை மூடினாலும் வலி நெஞ்சுக்குள் இருக்குமே என்று மெதுவாகச் சொல்கிறாள். ஏழு வருஷம் கழித்து அதே சந்தையில் ஹெஸ்டர் அந்த முகங்களை மறுபடி பார்க்கிறாள். எல்லாரும் இருக்கிறார்கள், அந்தக் கருணைக்காரி மட்டும் இல்லை. அவளுடைய பிரேத உடையை ஹெஸ்டர்தான் தைத்திருக்கிறாள். இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போக எப்படித்தான் மனம் வந்ததோ அந்த மனுஷருக்கு. அளவெடுக்கும்போது அவள் என்ன நினைத்திருப்பாள்?

பாதிரி மேடையில் ஏறி உண்மையைச் சொல்லிச் செத்துப்போகிறான். ஹெஸ்டர் மகளோடு கடல் கடந்து போகிறாள். மகள் அங்கே பணக்காரியாக, சந்தோஷமாக இருக்கிறாள் என்று குறிப்பாகத் தெரிகிறது. ஆனால் தாய் ஒருநாள் திரும்பி வருகிறாள். தனியாக, அதே குடிசைக்கு. எந்த நீதிபதியும் சொல்லாமல், அந்த எழுத்தை மறுபடி எடுத்துக் குத்திக்கொள்கிறாள்! ஏன் என்பதில் எங்கள் ஆறு பேருக்கும் ஆறு பதில். கடைசியில் மனந்திரும்பிவிட்டாள், பார்த்தீர்களா என்றார் ஞாயிறு பள்ளி அம்மா, ஜெயித்த குரலில். பழக்கதோஷம் என்றான் தம்பி. காதல் என்றாள் என் மாணவி. அவளுக்கு இருபத்திரண்டு வயசு.

என் பதில் வேறு. திரும்பி வந்தபின் அந்தக் குடிசைக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பெண்கள் வருகிறார்கள். மனசு காயப்பட்டவர்கள், ஏமாந்தவர்கள், தடம் மாறியவர்கள், யாருக்கும் வேண்டாதவர்கள். எங்களுக்கு ஏன் இப்படி, இதற்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். நெஞ்சில் அந்த எழுத்து இல்லையென்றால், இந்தக் கதவைத் தட்டலாம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? போதகர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முதலில் நல்ல சேலை உடுத்திக்கொள்ள வேண்டும். எழுத்து தைத்தவள் வீட்டுக்கு அது வேண்டாம். அது அவளுடைய கடைப் பலகை. இதைச் சொன்னபோது ஞாயிறு பள்ளி அம்மா மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "அதுக்கும் மனந்திரும்புதலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

அந்தச் சிவப்பு எழுத்து இப்போது என் மெஷின் மேசை இழுவையில், பாபின் டப்பாவுக்குக் கீழே கிடக்கிறது. போன மாதம் கடை சாத்துகிற நேரத்தில் ஒரு அம்மா வந்தார். பெண்ணின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கவுன் நான் தைத்துக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கவர் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, "இடுப்புல கொஞ்சம் விட முடியுமா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு இஞ்சு... கொஞ்சம் கூட இருந்தாலும் சரி." கவுனைத் திருப்பிப் போட்டேன். கல்யாண கவுனுக்குப் பக்கத் தையலில் நான் எப்போதும் ஒன்றரை இஞ்சு மார்ஜின் விட்டுத்தான் தைப்பேன், இரண்டு பக்கமும். துணி வீணாகிறது என்று மாணவிகள் சொல்வார்கள். அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தையல் பிரிக்கிற ஊசியைத் தேட இழுவையைத் திறந்தேன்.